பகலுக்கு ஒரு போர்வை

கையுறை ஆலையின் சோதனை அறை. விடியற்காலை மணி 3.40.

கம்பியில் எட்டுக் கையுறைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர். விரல்கள் ஊதித் தடித்துத் தரையைக் காட்டுகின்றன. ஊற்றியதும் ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டு துளிர்த்தால் அந்தக் கையுறை தேறாது.

மகள் பார்க்கிறாள். வலைத் தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே இரண்டு கண்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிரிகிற வளைவுக்குத்தான் பார்வை முதலில் போகிறது. பிறகு விரல் நுனிகளுக்கு.

இந்த நேரத்தில் உடம்பின் சூடு இறங்கிக் கிடக்கும். இமை சரிகிறது. குதிகாலைத் தூக்குகிறாள். இறக்குகிறாள். மறுபடி தூக்குகிறாள்.

சுவருக்கு அப்பால் சங்கிலி ஓடுகிறது. பீங்கான் கைகள் வரிசையாக வருகின்றன. வெள்ளைப் பாலில் முங்குகின்றன. எழுகின்றன. அடுப்புக்குள் போகின்றன. இந்தப் பால் மரத்தில் வடிந்ததில்லை, பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது. ஆனாலும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கிறது. அடுப்பை அணைத்தால் மறுபடி சூடேற்ற நேரம் பிடிக்கும். அதனால் சங்கிலி நிற்பதில்லை.

தோட்டத்திலோ ஆலையிலோ பெண்களை இரவு 10 முதல் காலை 5 வரை வேலை வாங்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆலைகள் விலக்கு வாங்கிக்கொண்டு பெண்களை ஷிப்டில் போட்டன. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவே இல்லை.

இரண்டு நிமிடம் முடிகிறது. எட்டும் தேறுகின்றன. அடுத்த எட்டு.

*

பீடோர். தாமானில் ஒரு வரிசை வீடு. மணி 4.

அம்மா எழுந்து உட்காருகிறார். அலாரம் கிடையாது. ரப்பர்ப் பால் வெட்டிய உடம்பு. தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு வருடங்கள் ஆகிவிட்டன. உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஐந்து மணிப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது போய் நிற்கலாம். நெற்றியில் விளக்கு, இடுப்பில் கொசுவத்தி, கையில் உளி. சூரியன் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் மங்குக்குள் தாராளமாக இறங்கும். வெயில் ஏறினால் கோடு வறண்டுவிடும். மரம் சொல்லும் நேரத்துக்கு மனிதர்கள் எழுந்தார்கள்.

இப்போது எழுப்ப மரம் இல்லை. அம்மா கோப்பி கலக்குகிறார். பக்கத்தில் பேரன் தூங்குகிறான். அவன் மேல் போர்வையை இழுத்துவிடுகிறார். கதவைத் திறந்து இருட்டைப் பார்த்தபடி நிற்கிறார். நெடுஞ்சாலைப் பக்கம் லோரிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

*

ஆலை வாசல். மணி 7.10. கிழக்கே மலைத்தொடருக்குப் பின்னால் வானம் வெளுக்கிறது.

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. இரவு வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்தில் முதல் வெயில் நேராக விழுகிறது.

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மகள் கறுப்புக் கண்ணாடியை மாட்டுகிறாள். பாசார் மாலாமில் வாங்கியது. வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை எழுந்துகொள்ளும். பஸ்ஸில் இன்னும் நான்கு பெண்கள் அதேபோல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. ஜன்னலோரத் தலைகள் வளைவுக்கு வளைவு ஆடுகின்றன.

பழைய ஈப்போ சாலை. கொய்யாப் பழக் கடைகளின் பலகை மேசைகள் காலியாக இருக்கின்றன. பெத்தாய்க் கொத்துகளைத் தொங்கவிடும் கம்பியும் காலி. ஊர் இனிமேல்தான் கடை திறக்கும்.

*

வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு போடும் இடம். ஒரு ஜோடி இப்போது வந்து சேர்கிறது.

“பசியாறிட்டுப் படும்மா.”

இரண்டு தோசை. கோப்பி இல்லை, மைலோ. குளித்த தலையைத் துவட்டியபடியே சாப்பிடுகிறாள். மூன்றாவது தோசையை அம்மா தட்டில் வைக்கிறார். மகள் அதைத் திருப்பி அம்மாவின் தட்டில் வைக்கிறாள்.

அறை ஜன்னலில் கம்பளி தொங்குகிறது. பழைய தோட்டத்துக் கம்பளி. மேலே ஐந்து கிளிப். கண்ணாடிப் பட்டைகளின் சந்துகளில் தமிழ்ப் பத்திரிகைத் தாளை மடித்துச் செருகியிருக்கிறது. கதவில் பழைய தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில் ஒரு ஆணி ஓட்டை. முதல் நாள் அதன் வழியாகக் காசு அளவு வெளிச்சம் உள்ளே வந்தது. மகளின் பாதத்தில் ஏறியது, முழங்காலுக்கு நகர்ந்தது. மறுநாள் காலை அந்த ஓட்டையின் மேல் ஒரு ஒட்டுப்பொட்டு இருக்கிறது. மெரூன் நிறம்.

அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர். பந்தய நாட்களில் குட்டிக் குதிரைப் படம். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மகளின் வேலை மாறும். இந்த இரவு வாரத்தின் கட்டங்களில் சிவப்புப் பென்சில் எண்கள்: 3. 2½. 4. மகள் தூங்கிய மணி நேரம். இதுபோன்ற கட்டங்களில் முன்பு அந்தக் கை எழுதியது பால் எடையை.

நான்காவது கட்டம் காலியாக இருக்கிறது.

*

மணி 9.15. ரொட்டிக்காரர் மோட்டாரில் வருகிறார். தெரு முனையில் ரப்பர் ஹாரனை அழுத்துகிறார். பாம், பாம்.

அம்மா வாசலுக்கு ஓடுகிறார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்க்கிறார்.

“தீடோர். அனாக் தீடோர்.”

ரொட்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கிறார். அம்மா ஒரு பாயா ரொட்டி வாங்குகிறார். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

மறுநாளிலிருந்து அந்த மோட்டார் இந்த வீட்டைச் சத்தமில்லாமல் கடக்கும். நான்கு வீடு தள்ளிப் போய்த்தான் பாம், பாம்.

எதிர் வீட்டு மலாய்ப் பெரியவர் மோட்டாரை முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் உதைக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி நாயைப் பின்வாசலில் கட்டியிருக்கிறார். யாரும் அவர்களிடம் போய்க் கேட்டதில்லை. ஜன்னலில் தொங்கும் கம்பளியைத் தெரு பார்த்திருக்கிறது.

பழைய பேப்பர் வாங்கும் லோரிக்கு இதெல்லாம் தெரியாது. பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் வருகிறது. பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா. தெருவை இரண்டு முறை சுற்றுகிறது. அம்மா கதவருகே நின்று காது கொடுக்கிறார். உள்ளே கட்டில் கிறீச்சிடுகிறது. ஒரு பெருமூச்சு. மறுபடி கிறீச்.

அம்மா அடுப்படிக்குத் திரும்புகிறார். பருப்பு வேக வேண்டும். குக்கரை எடுக்கிறார். அதன் விசிலைக் கையில் வைத்துப் பார்க்கிறார். குக்கரை மேலே வைத்துவிட்டு மண் சட்டியை இறக்குகிறார். கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆகும். முக்காலியை இழுக்காமல் தூக்கி வந்து பக்கத்தில் போட்டு உட்காருகிறார்.

மேசையில் கொய்யாப்பழக் கூடை. பீடோர்க் கொய்யா, விதை இல்லாதது. ஒன்று கனிந்து அழுங்கியிருக்கிறது. அதன் மேல் கடுகளவு ஈக்கள். பொழுது சாயும்போது கூடுகின்றன, நண்பகலில் குறைகின்றன. இந்த இனத்துப் பழ ஈயின் உடம்பைத் துருவித்தான், உயிருக்குள் ஓடும் கடிகாரம் எப்படி முடுக்கப்படுகிறது என்று கண்டார்கள். ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு அதற்காக 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பகலை இரவாக்கச் சொன்னால் உடம்பு ஏன் உடனே கேட்பதில்லை என்பதற்கான விடையின் தொடக்கம் அந்த இறக்கைகளுக்கு அடியில் இருக்கிறது.

அம்மா கைத்துண்டால் ஈக்களை விசிறுகிறார். எழும்பி, அதே பழத்தில் உட்காருகின்றன.

*

மணி 1.10. பள்ளி வேன் முனையிலேயே நின்றுவிடுகிறது. பையன் நடந்து வருகிறான். தமிழ்ப்பள்ளி, முதலாம் வகுப்பு. கேட்டைத் தள்ளாமல் ஒரு பக்கம் தூக்கித் திறக்கிறான். தள்ளினால் அது கத்தும். காலணியை வெளியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறான்.

சுவரோரம் அவனுடைய சைக்கிள். மணியின் மேல் நீலக் கையுறை ஒன்று மாட்டியிருக்கிறது. மணிக்கட்டுப் பக்கம் ரப்பர் வளையம். ஐந்து விரல்களும் சோர்ந்து தொங்குகின்றன. பையன் அதைத் தொடுகிறான். விடுகிறான்.

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறான். தன் அம்மா கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை விரித்து, அறைக் கதவின் அடியில் தரையில் வைக்கிறான். காற்றில் பக்கம் புரளாமல் இருக்க அதன் மேல் அழிப்பானை வைக்கிறான். கதவில் இருக்கும் பொட்டைப் பார்க்கிறான். காதை அதன் மேல் வைக்கிறான்.

“பாட்டி, மூச்சு விடறாங்க.”

சொல்வது காற்றில் பாதி கரைந்து வருகிறது. இந்த வீட்டில் அவன் குரல் நான்கு நாளாக இவ்வளவுதான்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். கட்டில் அசைவதில்லை. அந்த ஒலி அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

*

மணி 2.50. மேற்கே இருட்டுகிறது. தகரக் கொட்டகையின் மேல் முதல் துளிகள். பிறகு சரமாரியாக.

அம்மா பின்வாசலில் நின்று பார்க்கிறார். தோட்டத்தில் மழை என்றால் நஷ்டம். மரம் நனைந்துவிட்டால் பால் கோட்டை விட்டு விலகிப் பட்டையெல்லாம் வழியும். வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. இருட்டிலேயே எழுந்து, கதவைத் திறந்து, உள்ளங்கையை வெளியே நீட்டி மழையை அளந்து பார்த்த காலம் அது. ஒரு துளி விழுந்தாலும் மனம் கசந்துபோகும்.

இப்போது உள்ளங்கையை நீட்டுகிறார். நீர் நிறைந்து வழிகிறது. கையை எடுக்கவில்லை.

மழைச் சத்தத்தில் மற்ற சத்தமெல்லாம் அடங்கிப்போகிறது. லோரி இல்லை, நாய் இல்லை, புல் வெட்டும் இயந்திரம் இல்லை. அறையிலிருந்து குறட்டை வருகிறது. மெலிதாக, ஒரே சீராக. அம்மா பையனைப் பார்க்கிறார். பையன் அம்மாவைப் பார்க்கிறான். இருவரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

*

மணி 5. மழை விட்டிருக்கிறது. கதவு திறக்கிறது. கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.

அது காலையா மாலையா என்று முகத்துக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆகிறது. காலடியில் புத்தகம். குனிந்து எடுக்கிறாள். பேனா தேடுகிறாள். கையெழுத்துப் போட்டு, தேதியைக் காலண்டரில் பார்த்து எழுதுகிறாள்.

பையன் மடியில் ஏறி உட்காருகிறான். அன்றைய பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்கிறான். அவள் அவன் உச்சந்தலையில் மோவாயை வைத்துக் கேட்கிறாள். சோறும் பருப்பும் வருகின்றன. மற்றவர்களுக்கு அது மாலைப் பலகாரம் சாப்பிடும் நேரம்.

6.05. பஸ் முனையில் நிற்கிறது. கண்ணாடி இல்லாமல் போகிறாள்.

அம்மா சிவப்புப் பென்சிலை எடுக்கிறார். நான்காவது கட்டத்தில் 5½ என்று எழுதுகிறார். எழுதியதன் அடியில் ஒரு கோடு போடுகிறார்.

அறைக்குள் போய்க் கிளிப்புகளைக் கழற்றுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கம்பளியை உதறி மடிக்கிறார். மிச்ச வெயில் கட்டிலில் விழுகிறது. கதவிலுள்ள பொட்டைக் கட்டை விரலால் இன்னொரு முறை அழுத்திவிடுகிறார்.

வெளியே பையன் சைக்கிளின் அருகே உட்கார்ந்திருக்கிறான். ரப்பர் வளையத்தைக் கழற்றுகிறான். கையுறையை உருவிச் சட்டைப் பையில் வைக்கிறான். மணியை அடிக்கிறான். தெரு முனை வரை போய் அடிக்கிறான். திரும்பி வரும்போதும் அடிக்கிறான். எதிர் வீட்டுப் பெரியவர் கையை உயர்த்திக் காட்டுகிறார். பையன் இன்னும் பலமாக அடிக்கிறான்.