ஒரு முழ அகலம்

மாடுலர் சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்க ஒரு மாட்யூல், அதைச் செதுக்க இன்னொன்று. அவற்றைத் திருகிப் பொருத்த ஒரு ரேக். ரேக் வெறும் பெட்டிதானே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

1990களின் நடுவில் ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் வகுத்த யூரோரேக் முறையில் முகப்புத் தகட்டின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலத்தின் அலகான ஒரு ஹெச்பி 5.08 மில்லிமீட்டர். வழக்கமான வரிசைக்கு 84 ஹெச்பி. ஏறத்தாழ ஒரு முழம்.

வளர இடம் வேண்டுமே என்று மூன்று வரிசை ரேக் வாங்கினேன். காலியிடம் சும்மா இருப்பதில்லை. நிரப்பு நிரப்பு என்று நச்சரிக்கிறது. வாங்குவதும் திருகுவதுமாக இரண்டு வருடங்கள் போயின. ஒரு நிமிட இசைகூடப் பதிவாகவில்லை.

ஓர் இரவு, புதிதாக வந்ததற்கு இடம்விட்டு மாற்றும் அவசரத்தில், ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். அதன் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருந்திருக்க வேண்டும். மெல்லிய கருகல் வாசனை. நான் மிகவும் நேசித்த ஃபில்டர் ஊமையாயிற்று.

பெரிய ரேக்கை விற்று ஒற்றை வரிசைக்கு வந்தேன். புதிதாக ஒன்று நுழைய வேண்டுமெனில் பழையது ஒன்று வெளியேற வேண்டும். அகலத்தோடு, ஒவ்வொன்றும் இழுக்கும் மில்லிஆம்பியரையும் கூட்டிப் பார்க்கிறேன். பவர் சப்ளையின் திறனில் கால் பங்கை மிச்சம் வைக்கிறேன்.

நேற்று பன்னிரண்டு நிமிடங்கள் பதிவு செய்தேன். ஊமை ஃபில்டரை எறிய மனமில்லை. மேசைமேல் இருக்கிறது.