‘ஹவ் மச்’ எழுத ‘ஜே’ போடணும்! - நியூயார்க் ரூஸ்வெல்ட் அவென்யூவில் ஒரு நடை

தலைக்கு மேலே தடதடவென ரயில். கீழே கடைத்தெரு. நம்ம சென்னை பறக்கும் ரயில் பாலத்துக்குக் கீழே ரங்கநாதன் தெருவைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நியூயார்க் குவீன்ஸ் பகுதியின் ரூஸ்வெல்ட் அவென்யூ!

அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, 74-வது தெரு நிலையத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். முதலில் வருவதெல்லாம் நம்ம ஊர் முகங்கள். புடவைக் கடை, நகைக் கடை, சமோசா வாசனை. கொஞ்ச தூரம்தான்... 82-வது தெருவைத் தாண்டினால் போர்டுகள் ஸ்பானிஷுக்கு மாறிவிடுகின்றன. கொலம்பியா பேக்கரி, ஈக்வடார் சாப்பாடு, மெக்சிகோ தமாலே. இன்னும் நடந்தால் கொரோனா. பயப்படாதீர்கள், அது ஊர்ப் பெயர். ஸ்பானிஷில் ‘கிரீடம்’ என்று அர்த்தம். 7-ம் நம்பர் ரயில் 1917-லேயே இங்கே வந்துவிட்டது.

தமாலே விற்கும் ஓர் அம்மாவிடம் நின்றோம். சோள மாவை இலையில் மடித்து ஆவியில் வேகவைத்தது. நம்ம இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். காசு வைக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு. அதில் ‘ஜே-ஏ-யு’ என்று ஒரு வார்த்தை, அடுத்து ‘எம்-ஏ-சி-ஹெச்’ என்று ஒரு வார்த்தை. ஒன்றும் புரியவில்லை. அக்கா சிரித்தாள்.

“ஸ்பானிஷ்ல ‘ஜே’ எழுத்துக்கு ‘ஹ’ சத்தம்டி. வாசிச்சுப் பாரு.”

ஹவ் மச்!

சட்டென்று அப்பா ஞாபகம். ‘30 நாட்களில் ஆங்கிலம்’ புத்தகத்தைப் பார்த்து, ‘வாட் இஸ் யுவர் நேம்’ என்று தமிழில் எழுதி வைத்துப் படித்தவர் அவர். எழுத்துதான் வேறு. நோட்டு ஒன்றுதான்.

மேஸ்திரி அக்கா

அக்கா வாரம் இரண்டு நாள் இலவச ஆங்கில வகுப்பில் தன்னார்வலராகப் பாடம் எடுக்கிறாள். அன்று மாலை நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், கட்டட வேலை செய்பவர், வீடுகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் என இருபது பேர் இருக்கலாம். எல்லோரும் அக்காவை ‘மாஎஸ்த்ரா’ என்கிறார்கள். ஆசிரியை என்று பொருள். போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த ‘மேஸ்திரி’யும் இதே குடும்பத்துச் சொல்தான். மேசையும் அப்படித்தான். ஸ்பானிஷிலும் அது ‘மேசா’!

இவர்களுக்கு ஆங்கிலச் சொற்களில் ஒரு பெரிய வசதி உண்டு. லத்தீன் வழி வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் இரண்டு மொழிகளுக்கும் பொது. ‘நாசியோன்’ என்றால் நேஷன். ‘உனிவெர்சிதாத்’ என்றால் யுனிவர்சிட்டி. வால் பகுதியை மாற்றத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில்தான் சறுக்கல். ‘எம்பரசாதா’ என்றால் எம்பராஸ்டு, அதாவது சங்கடப்பட்டவள் என்று நினைப்போம். இல்லை, கர்ப்பிணி! ‘எக்சிதோ’ எக்ஸிட் இல்லை, வெற்றி. ‘லிப்ரெரியா’ லைப்ரரி இல்லை, புத்தகக் கடை. பலகையில் ஒவ்வொன்றாக எழுத எழுத, வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை.

உச்சரிப்பிலும் நம்மைப் போலவே சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம்ம ஊரில் ‘இஸ்கூல்’ என்றால், இங்கே ‘எஸ்கூல்’. ஆனால் ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் இவர்களுக்கு ஒரே மாதிரி கேட்கும். நமக்குக் குறில், நெடில் இருப்பதால் தப்பித்தோம்.

ஒரு சொல்லின் விலை

இடைவேளையில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், ஏன் வகுப்புக்கு வர ஆரம்பித்தார் என்று அக்கா மூலம் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவர் அமைதியானார்.

“போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சொன்னதை என் பொண்ணுதான் எனக்குச் சொன்னா. அவளுக்குப் பத்து வயசு. கட்டின்னு சொல்ல வந்து பாதியில அழுதுட்டா. அந்த முகத்தை இன்னொரு தடவை நான் பார்க்கக் கூடாது.”

கட்டி ஆபத்தில்லாதது என்று பிறகு தெரிந்ததாம். ஆனால் அந்தப் பத்து வயதுக் குழந்தை அன்று ராத்திரி தூங்கவில்லை.

வகுப்பு மறுபடி தொடங்கியதும் அக்கா ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னாள். 1980, ஃபுளோரிடா. 18 வயது இளைஞன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான். வீட்டார் சொன்ன சொல் ‘இன்டாக்ஸிகாதோ’. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னார்கள். ஆங்கிலக் காதில் அது ‘போதை’ என்று விழுந்தது. அளவுக்கு மீறிப் போதை மருந்து எடுத்தவனாக நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. அது தெரிவதற்குள் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவமனைகள், தேவைப்படுவோருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். அவசர நிலை தவிர, குழந்தைகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் கேட்கத் தெரிய வேண்டுமே! அதனால், அன்றைய பாடத்தின் கடைசி வரி இதுதான்: ‘ஐ நீட் அன் இன்டர்ப்ரெட்டர்’. ஸ்பானிஷில் ‘இன்தெர்ப்ரெதே’. கிட்டத்தட்ட அதே சொல். எல்லோரும் பத்து முறை சொன்னார்கள். அந்தப் பெண் மட்டும் பதினோராவது முறையும் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் அதே 7-ம் நம்பர் ரயிலில் கடைசி நிலையமான ஃபிளஷிங் வரை போனேன். அங்கே 1977-ல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயில். கேன்டீனில் தோசை, சுடச்சுட. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ். அந்தப் பெண்தான். அடுத்த செவ்வாய் மறுபரிசோதனையாம்.

“பொண்ணுக்கு அன்னைக்கு ஸ்கூல் இருக்கு, மாஎஸ்த்ரா. லீவு போடச் சொல்லல. நான் தனியாவே போறேன்.”

பின்னாலேயே, நிறுத்தி நிதானமாக, அந்த ஒரு வரி ஆங்கிலம்.