நேராக நடக்காதவர்

நம் வீட்டுப் பண்டிகைகளில் படையல் முடிந்த கையோடு வடை வந்துவிடும். யூதர்களின் பஸ்கா பண்டிகையில் அந்தக் கருணை எல்லாம் கிடையாது. முதலில் கதை, அப்புறம்தான் சாப்பாடு.

அமெரிக்காவில் ஒரு நண்பர் வீட்டில் இந்த விருந்துக்கு ஒருமுறை போயிருந்தேன். 'ஸேடர்' என்று பெயர். ஏழு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்கு இலை, ஸாரி, தட்டு வந்தபோது ஒன்பது. நடுவில் ஒரு கொத்து கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்தபோது விட்ட கண்ணீராம். பிறகு 'மட்ஸா' என்ற புளிக்காத ரொட்டி. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் சுட்டு எடுத்தாக வேண்டும். தப்பித்து ஓடியவர்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க ஏது நேரம்? ருசி, எண்ணெயையே பார்க்காத அப்பளம்.

ஆனால் ஒரு விஷயம் பிடித்தது. இன்றைய ராத்திரிக்கு மட்டும் அப்படி என்ன விசேஷம் என்று வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க வேண்டும். குழந்தை இல்லாத வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். தனி ஆளாக இருந்தால் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அடிமைக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. கேள்வி கேட்க முடிகிறது என்றால், விடுதலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அவர்கள் படித்த புத்தகத்தில் மோசே பேருக்குத்தான் தலைகாட்டினார். "என்ன இது, ஹீரோவை விட்டுட்டு படம் எடுத்த மாதிரி இருக்கே?" என்றேன்.

"பெருமை மனுஷனுக்குப் போயிடக் கூடாது, கடவுளுக்குத்தான்னு பெரியவங்க சொல்வாங்க" என்றார் நண்பர்.

ஊர் திரும்பியதும் பைபிளில் யாத்திராகமத்தைப் புரட்டினேன். மோசே பிறப்பதற்கு முன்பே, முதல் அத்தியாயத்திலேயே, எதிர்ப்பு ஆரம்பித்துவிடுகிறது. எபிரேயருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொல்லி மருத்துவச்சிகளுக்குப் பார்வோன் உத்தரவு போடுகிறான். சிப்பிராள், பூவாள் என்ற அந்த இரண்டு பெண்களும் ராஜாவிடம் வாக்குவாதம் பண்ணவில்லை. கொல்லவில்லை, அவ்வளவுதான். கூப்பிட்டுக் கேட்டபோது, எபிரேயப் பெண்கள் பலசாலிகள், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று கூசாமல் சொல்லிவிட்டார்கள். கடல் பிளந்ததெல்லாம் பிற்பாடு.

இருபதாம் நூற்றாண்டிலும் பார்வோன்களுக்குப் பஞ்சமில்லை. சோவியத் யூனியனில், இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்ட யூதர்கள் பலருக்கு முதலில் வேலை போயிற்று. வேலை இல்லாமல் இருக்கிறாயா, நீ ஒட்டுண்ணி என்று கேஸ் போடவும் சட்டத்தில் இடம் இருந்தது! 1963-ல் மாஸ்கோவில் மட்ஸா சுட்டு விற்றதற்காகச் சிலர் கோர்ட் ஏறினார்கள். அப்பளத்துக்குப் பயந்த வல்லரசு.

அனுமதி மறுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஷரான்ஸ்கி. கணிதம் படித்தவர், செஸ் பைத்தியம், மனித உரிமைக்காகப் போராடிய விஞ்ஞானி ஸகாரோவுக்கு மொழிபெயர்ப்பாளர். 1974-ல் கல்யாணம். மறுநாளே மனைவி இஸ்ரேலுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றவர் போய்ச் சேர 12 வருஷம் ஆயிற்று. 1977-ல் கைது. மறு வருஷம், தேசத்துரோகம் என்று 13 வருஷத் தண்டனை. கோர்ட்டில் கடைசியாக என்ன சொல்கிறாய் என்றபோது, அடுத்த வருஷமாவது ஜெருசலேமில் இருப்போம் என்றார். ஸேடர் விருந்து முடிவதும் இந்த ஆசையோடுதான்.

ஜெயிலுக்குள் தண்டனை அறைக் குளிரில் மட்டும் 400 நாட்களுக்கு மேல். மனசுக்குள்ளேயே செஸ் ஆடினார். எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது நான்தான் என்று பிற்பாடு ஜோக் அடித்தார்.

1986 பிப்ரவரியில், கைதிப் பரிமாற்றத்தில் விடுதலை. விமானம் ஏறும் முன், மனைவி அனுப்பிய குட்டி சங்கீதப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மனிதர் பனியிலேயே படுத்துவிட்டார். புத்தகம் வந்தது, எழுந்தார். கிழக்கு ஜெர்மனியில் இறங்கியதும், அதோ தெரிகிற காருக்கு நேராக நடக்க வேண்டும், இப்படி அப்படித் திரும்பக் கூடாது என்றார் கே.ஜி.பி. அதிகாரி. ஷரான்ஸ்கி, குடித்தவர் மாதிரி வளைந்து வளைந்து நடந்தார்! மறுநாள் பெர்லின் எல்லையில், க்ளீனிக்கே பாலத்தைத் தாண்டும்போது அவருக்கு இருந்த பெரிய கவலை, கொடுத்திருந்த தொளதொள பேண்ட் அவிழ்ந்துவிடக் கூடாதே என்பதுதான். சுதந்திரத்துக்குள் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே நுழைந்தார்.

வளைந்து நடந்ததால் சோவியத் யூனியன் கவிழ்ந்துவிடவில்லை. ஆனால், எப்படி நடப்பது என்பதைக்கூட நீ தீர்மானிக்க முடியாது என்று ஒருவருக்காவது சொல்லியாயிற்று. அந்த இரண்டு மருத்துவச்சிகள் செய்ததும் இதைத்தான்.

விடுதலை பெற்றவர்கள் பார்வோன் ஆக மாட்டார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நீங்களும் எகிப்தில் அந்நியர்களாக இருந்தவர்கள்தானே, அந்நியனை ஒடுக்காதீர்கள் என்று அதே யாத்திராகமம் எச்சரிப்பது சும்மா இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு தடவை விடுதலை கிடைத்த கதையை வருஷா வருஷம் பசியோடு உட்கார்ந்து கேட்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு மருத்துவச்சிகளின் பெயரை அக்கறையாகச் சொல்லும் யாத்திராகமம், பார்வோனின் பெயரை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அத்தனை பெரிய ராஜா, வெறும் 'பார்வோன்'. ஷரான்ஸ்கியை நேராக நடக்கச் சொன்ன அந்த அதிகாரியின் பெயரையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.