இடக்கை விரலின் வேலை

எனது பிரிவுபசாரக் கூட்டத்தில் என்னைப் புகழ எழுந்த ஓர் இளம் வைத்தியர், "எங்கள் பெரிய டாக்டர் எவ்வளவு எளிமையானவர் என்றால், ஏபிஜி எடுப்பது போன்ற சில்லறை வேலையைக்கூட ஹவுஸ் சர்ஜனிடம் விடாமல் தாமே செய்வார்" என்று சொல்ல, கூட்டமும் கைதட்டி ஆமோதித்தது. எளிமையினால் அல்ல, பிறரிடம் விட்டுவிட மனம் துணியாததாலேயே நான் அதைச் செய்துவந்தேன் என்பதை மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை; ஆகையால் இங்கே சொல்கிறேன்.

ஏபிஜி என்பது தமனியிலிருந்து ரத்தம் எடுத்து அதிலுள்ள வாயுக்களை அளக்கும் சோதனை. முழங்கை மடிப்பில் புடைத்தெழும் நீலச் சிரையில் ரத்தம் எடுப்பது கண்ணால் செய்யும் காரியம். மணிக்கட்டில் ஓடும் ரேடியல் தமனியோ கண்ணுக்குப் புலப்படாது. இடக்கை விரல் நுனிகளுக்கு மட்டுமே அது தன் இருப்பைத் தெரிவிக்கும். குத்துமுன், கையின் மற்றத் தமனியும் உள்ளங்கைக்கு ரத்தம் ஊட்டுகிறதா என்று பார்க்கும் ஆலன் பரிசோதனையை நான் விவரிக்க வேண்டியதில்லை, மருத்துவர் எல்லோரும் அறிந்ததே. மணிக்கட்டின் கீழே சுருட்டிய துவாலையை வைத்துக் கையைப் பின்னுக்கு வளைப்பதும் அப்படியே. வளைப்பு மிஞ்சினால் நாடி மங்கிவிடும் என்பதைத்தான் பலர் அறியார்.

எனக்கு இதைக் கற்பித்த ஆசிரியர், ஊசியைத் தொட அனுமதிக்கும் முன்னர் வாரக்கணக்கில் நாடியை மட்டுமே தொட்டுப் பார்க்க வைத்தார். படுக்கை படுக்கையாகப் போய், தமனியின் போக்கைத் தோலின் மேல் பேனாவால் கோடிட்டுக் காட்ட வேண்டும். பிறகு அவர் தம் விரலை வைத்துச் சோதிப்பார். கோடு ஓர் இழை விலகியிருந்தாலும், "அழிச்சுட்டுப் போடுப்பா" என்பார். முதியவர்களிடமே எங்களை அதிகம் அனுப்புவார். சுவர் தடித்து இறுகிய அவர்களுடைய தமனி விரலுக்கு வெகு நன்றாகத் தட்டுப்படும். அதை நம்பி ஊசியை நீட்டினால், எண்ணெயில் ஊறிய விளக்குத் திரி விரலுக்கு வழுக்குவதுபோல் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். இரு விரல்களால் அதை நெருக்கி நிறுத்தி, 45 பாகைச் சாய்வில், ரத்தம் வரும் திக்கை நோக்கி, பதறாமல் செலுத்த வேண்டும். தவறினால் உள்ளேயே துழாவக் கூடாது, தோலடி வரை முனையைப் பின்வாங்கி மறுபடி விரலைத்தான் கேட்க வேண்டும். சரியாகப் பட்டுவிட்டால், அந்நாளைய கண்ணாடி சிரிஞ்சில் இழுப்பதற்கே வேலையில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் சிவந்த ரத்தம் தானே பிஸ்டனை மேலே தள்ளிக்கொண்டு வரும். ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவரிடமோ துடிப்பும் நூலிழையாகும், நிறமும் கருக்கும். வந்தது தமனி ரத்தமா சிரை ரத்தமா என்ற சந்தேகம் அப்போது எழாதிருக்க, விரல் முன்னமே தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும்.

இக்காலத்துப் பிள்ளைகள் பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஹெப்பரினை இழுத்து, மிஞ்சியதை வெளியே தள்ளவும் பொறுமையின்றி, அதன் மேலேயே ரத்தத்தை எடுக்கிறார்கள். கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் பொய்யாகக் குறைகின்றன. பொய்க்கு வைத்தியமும் நடக்கிறது. காற்றுக் குமிழி ஒன்று தங்கிவிட்டால், 55 மி.மீ. பாதரசமாக இருக்கும் பிராணவாயு அழுத்தம் வெளிக்காற்றின் 150ஐ நோக்கி ஏறத் தொடங்க, தேறாத நோயாளி தாளில் தேறிவிடுகிறார். அரை மணிக்குள் அளவிடும் கருவிக்குப் போக வேண்டிய சிரிஞ்சை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உண்டு. கருவியோ எதற்கும் கூசாமல் மூன்று தசமஸ்தானம் வரை எண்ணை அச்சடித்துத் தரும்.

விரலில் மாட்டிய கிளிப்பே ரத்தத்தில் பிராணவாயு நிறைவு 98 சதவீதம் என்று காட்டும்போது குத்துவானேன் என்பது இன்னொரு வாதம். ஆயுள் முழுதும் பீடி புகைத்து நுரையீரல் கெட்டவருக்குப் பிராணவாயுவைத் தாராளமாக வைத்தால், கிளிப் 98 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 40 இருக்க வேண்டிய கரியமில வாயு அழுத்தம் 80ஐத் தாண்டி அவர் நினைவிழந்து வருகையில், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். கரியமில வாயுவைக் காணத் தவறுவது புதிதுமல்ல. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, ரத்தத்தில் மிகுந்திருந்த பைகார்பனேட்டைக் கண்டு காரம் மிஞ்சிவிட்டதாக எண்ணி மயங்கியவர்களுக்கு, அது கரியமில வாயு தேங்கியதன் விளைவே என்று மயக்கவியல் நிபுணர் பியோர்ன் இப்சன் எடுத்துக்காட்டியதும், மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அமுக்கிச் சுவாசம் கொடுத்ததும் எங்கள் தீவிர சிகிச்சைத் துறையின் ஜனன வரலாறு. இதை அறியாதவர்கள் இன்று தீவிர சிகிச்சைப் பகுதிகளை நடத்துகிறார்கள்.

அவர்களிடம் சொல்லி அலுத்துவிட்டபடியால் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டாருக்கு மணிக்கட்டில் இவ்வாறு ரத்தம் எடுத்தவரை, ஊசியை உருவியதும் பஞ்சை உங்கள் கையில் திணித்துவிட்டு நகர விடாதீர்கள். குறைந்தது 5 நிமிஷம், ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராயின் அதற்கும் மேலாக, அவரே நின்று அமுக்க வேண்டும். பின்பு நோயாளியின் விரல்கள் வெளுக்காமல் வெதுவெதுப்பாக உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.