கர்ண மோட்சம், பன்னிரண்டு துண்டுகள்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதக் கூத்து. கர்ண மோட்சம் ஆடிய இரவு, இரவல் கேமராவை முக்காலியில் நிறுத்திப் பத்தரை மணி முதல் விடியற்காலை நாலரை வரை பதிவு செய்தேன். கர்ணன் கட்டிய வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்து அவர் இன்னும் எத்தனை வருஷம் ஆடுவார் என்ற கவலைதான் என்னை அந்த மண்ணில் உட்கார வைத்தது.

வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினால், ஆறு மணி நேரக் கூத்து பன்னிரண்டு துண்டுகளாகக் கிடந்தது. கேமராவில் பழுதொன்றும் இல்லை. அந்தக் கார்டு எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் அமைந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எல்லை வந்ததும் கேமரா கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடும். எனக்கு ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு துண்டு. அதில் ஒரு வெட்டு, கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடத்தின் நட்டநடுவில் விழுந்திருந்தது. பிறப்பைச் சொல்லி அவள் இகழ, அவன் பதில் பாட வாயெடுக்கிறான். முகவீணை ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே படம் நின்றது.

தேடியதும் முதலில் கண்ணில் பட்ட மென்பொருளை இறக்கினேன். இலவசம் என்றுதான் போட்டிருந்தது. இராத்திரி முழுக்க மடிக்கணினி கொதித்தது. காலையில் பார்த்தால், கர்ணனின் மார்புப் பதக்கத்தின் மேல் அந்த நிறுவனத்தின் பெயர் அழியாமல் உட்கார்ந்திருந்தது. எடுக்க வேண்டுமானால் பணம் கட்டச் சொன்னது. அரிதாரத்தின் சிவப்பும் மங்கியிருந்தது. அது துண்டுகளைச் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுருக்கியிருக்கிறது. அரைத்த மாவையே அரைத்த கதை. அரைக்கும்போதெல்லாம் படத்தில் கொஞ்சம் தேய்கிறது.

நண்பர் ஒருவர் எஃப்எஃப்எம்பெக் என்ற பெயரைச் சொன்னார். ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் பலர் கூடிப் பேணுகிறார்கள். நாம் தினமும் திறக்கும் விஎல்சி பிளேயரும் அதன் உறுப்புகளை வைத்துத்தான் இயங்குகிறது. காசும் இல்லை, முத்திரையும் இல்லை. மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இலவசம் என்ற சொல்லுக்குள் இத்தனை வித்தியாசம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பொத்தான்கள் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். சின்ன எழுத்துக் கோப்பு ஒன்றில் துண்டுகளின் பெயர்களை வரிசையாக, வரிக்கு ஒன்றாக எழுதினேன். கட்டளையில் 'காபி' என்ற சொல்லைச் சேர்த்தால் அது படத்தையோ ஒலியையோ தொடாது. உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து ஒரே பெட்டியில் அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் புதிதாக எழுதும். அந்த அட்டவணைக்காகத்தான் இத்தனையும். எம்பி4 கோப்புகளை வெறுமனே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால், பிளேயர் முதல் துண்டோடு நின்றுவிடும். இராத்திரி முழுக்க நடந்த வேலை அரை மணிக்குள் முடிந்தது.

ஆனால் பாதிக்கு மேல் படம் கலங்கிப் போயிற்று. கேமராவுக்கு பேட்டரி மாற்றிய ஏழு நிமிஷத்தைக் கைபேசியில் எடுத்து, அதையும் நடுவில் சேர்த்திருந்தேன். கேமரா நொடிக்கு 25 சட்டம், கைபேசி 30. படத்தின் அளவும் வேறு. மாற்றாமல் சேர்க்க வேண்டுமானால் எல்லாத் துண்டும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். அந்த ஒரு துண்டை மட்டும் கேமராவின் அச்சுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி சேர்த்தேன். காதில் ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு ஒட்டிலும் முன்பின் ஒரு நிமிஷம் கேட்டேன். பொன்னுருவி தர்க்கத்தில் முகவீணை அறுபடவில்லை.

கட்டளை எழுதத் தயங்குகிறவர்களுக்கு லாஸ்லெஸ்கட் இருக்கிறது. அதற்குள்ளே வேலை செய்வதும் எஃப்எஃப்எம்பெக்தான். துண்டுகளை இழுத்துப் போட்டு வரிசைப்படுத்தினால் போதும். அவிடெமக்ஸும் உண்டு. ஊர்ப் பையன்களுக்கு நான் காட்டிக் கொடுத்தது லாஸ்லெஸ்கட்டைத்தான்.

வாத்தியாருக்குக் கொடுக்க 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். அதுவும் எஃப்ஏடி32, 45 ஜிபி கோப்பை ஏற்கவில்லை. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றிய பிறகுதான் ஏறியது. பேரன் மடிக்கணினியில் அதைப் போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பொன்னுருவி தர்க்கம் அறுபடாம வந்திருக்கா தம்பி?"

"வந்திருக்குங்க வாத்தியாரே."

அந்த இடம் வரைக்கும் எழுந்திருக்காமல் பார்த்தார்.

உங்கள் ஊர்க் கூத்தும் யாருடைய கார்டிலாவது துண்டு துண்டாகக் கிடக்கும். வாங்கிச் சேர்த்து வையுங்கள். சேர்த்த பிறகும் மூலத் துண்டுகளை அழிக்காதீர்கள்.