பேஸ்ட்டைத் திருடியவன் நான்தான்

ஒரு சிறு பதிப்பகத்தில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரிடமும் கேட்காமல் எல்லாக் கணினிகளிலும் ஒரு மேக்ரோவை ஓட்டிவிட்டேன். வேர்ட் 2007இல் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவிலிருந்து 'பேஸ்ட்'டை அது தூக்கிவிட்டு, அதே இடத்தில் அதே பெயரில் என் கட்டளையை உட்கார வைத்தது. இனி எதை ஒட்டினாலும் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் உதிர்ந்து வெறும் உரை மட்டும் விழும். மாற்றம் நார்மல் டெம்ப்ளேட்டில் பதிந்ததால், திறக்கும் கோப்பிலெல்லாம் அதுவே வந்தது.

இணையத்திலிருந்து அள்ளி ஒட்டியவற்றைச் சுத்தம் செய்து அலுத்துப்போயிருந்தேன். "டெக்ஸ்ட் ஒன்லி கொடுத்து ஒட்டுங்க" என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்று நானே முடிவுகட்டினேன்.

பாமினி என் நினைவிலேயே இல்லை. அது யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கும் எழுத்துரு. போர்வையை உருவிவிட்டால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லிளிக்கும். பழைய கோப்புகளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்த தட்டச்சுப் பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக அப்படித்தான் வந்தது.

"டேபிளுக்குள்ள ஒட்டினா தமிழ் வருது சார், வெளியில ஒட்டினா இங்கிலீஷ் வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதோ அப்பட்டமான உண்மை. வேர்டில் ரைட் கிளிக் மெனு ஒன்றல்ல: சாதாரண உரைக்கு ஒன்று, அட்டவணைக்குள் இருக்கும் உரைக்கு வேறொன்று, பிழைகாட்டும் சிவப்புக் கோட்டின் மேல் இன்னொன்று. நான் கைவைத்தது முதலாவதில் மட்டும். கண்ட்ரோல் வி அழுத்திப் பழகியவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மவுஸையே நம்பியிருந்த அவர்தான் மாட்டிக்கொண்டார். "கவனமா செய்யத் தெரியாதா?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டபோது, நான் மும்முரமாக என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருந்தால் என் வேலை ஒன்றும் போயிருக்காது. 'கம்ப்யூட்டரில் புலி' என்ற பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்காக அவரைத் திட்டு வாங்க விட்டேன்.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து மெனுவை ரீசெட் செய்தேன். அதற்கு ஒற்றை வரிக் கட்டளை போதும். மறுநாள் அவர் ஒட்டியதெல்லாம் தமிழாகவே விழுந்தது.

"பாத்தியாம்மா, கவனமா செஞ்சா வருதுல்ல?" என்றார் முதலாளி. அந்தப் பெண் "ஆமா சார்" என்று தலையாட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.