பலகையின் எடை நின்ற நாள்

மளிகைக் கடைக்காரர் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த வெல்லத் தூளைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஆறடிப் பலகை ஒன்றை அதன் மேல் நடுவாகக் கிடத்தி, முனைகள் எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டார் ஆசாரி அண்ணன். 3 கிலோ 740. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகையின் முதுகிலேயே எடையையும் தேதியையும் எழுதினார். கார்த்திகை 12. அதற்கு மேல் வரியில் ஐப்பசி 3, 3 கிலோ 700 என்று இருந்தது.

"நாப்பது கிராம் கூடியிருக்கு தம்பி. மழையக் குடிச்சிருக்கு. இப்பப் போட்டா வைகாசியில பல்லக் காட்டிரும்."

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பவும் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறினார். அன்றைய வேலை அவ்வளவுதான். அதற்காகப் புவனகிரியிலிருந்து தூறலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது எங்கள் பழைய வீடு. கூடத்துக்கு மேலே 12 அடிக்கு 18 அடியில் ஓர் அறை. வீட்டின் மற்றத் தளமெல்லாம் மெட்ராஸ் டெரஸ். உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியது. இந்த ஓர் அறைக்கு மட்டும் பலகைத் தரை. சிறுவயதில் கூடத்தில் மல்லாந்து படுத்தால் தேக்கு உத்திரங்களும், அவற்றின் மேல் பாவிய பலகைகளின் அடிப்பக்கமும் தெரியும். பாட்டி மேலே நடந்தால் எந்தப் பலகையில் கால் வைக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம்.

கூரை ஒழுகி ஒரு மூலை உளுத்துப் போயிருந்தது. வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பலகையைப் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் போடுங்கள். ஆசாரி அண்ணன் மட்டும் ஏணி கேட்டார். உளியின் காம்பால் ஒவ்வோர் உத்திரமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் அதிக நேரம் தட்டினார். ஈரம் ஏறுவது அங்கேதான். 13 உத்திரங்களையும் தட்டி முடித்துவிட்டு இறங்கினார். "உத்திரம் அத்தனையும் வைரம். பலகைதான் போச்சு. பலகைய மாத்துங்க, போதும்."

பலகைத் தரை என்றதும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் கீழ்த்தள அறையில் மரத்தரை போட்டார்கள். கத்திரி வெயிலில் பலகை வந்து இறங்கியது. மூன்றே நாளில் வேலை முடிந்தது. சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல் இறுக்கி அடித்திருந்தார்கள். பார்க்க அத்தனை அழகு. ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள் அறை நடுவில் தரை கூடாரம் போல் எழும்பி நின்றது. அக்கா அதன் ஓரத்தில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. போட்டவர்கள் மரத்தைக் குறை சொன்னார்கள். மரம் நல்ல மரம்தான்.

அதைச் சொன்னதும் ஆசாரி அண்ணன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் அறையின் அகலம் 12 அடி. ஐந்து அங்குலப் பலகை என்றால் 29 வரிசை. ஒரு பலகை ஒரு மில்லிமீட்டர் உப்பினால் நம் கண்ணுக்குத் தெரியாது. 29 பலகையும் உப்பினால் 29 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு மேலே. அந்த ஓர் அங்குலம் போக இடம் வேண்டும். சுவர் விடாது, கீழே உத்திரம் இருக்கிறது. பிறகு மேலேதான் எழும்ப வேண்டும்.

உயிரோடு இருந்தபோது மரத்தைத் தாங்கிய நீர், அறுத்துக் காய்ந்த பிறகும் அதை விட்டு முழுதாகப் போவதில்லை. காற்றில் ஈரம் கூடினால் மரம் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது; அசைவெல்லாம் அகலத்தில்தான். மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வரையறுக்கும் இந்தியத் தர நிர்ணயம் நாட்டைக் காற்றின் ஈரத்தை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஜெய்ப்பூரில் காய்ந்ததாகக் கணக்காகும் பலகை கடலூரில் இன்னும் குடிக்கக் காத்திருக்கும் பலகை. கடலோரத்து ஆசாரிகள் இந்த ஏட்டைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு பலகையை எந்த அறையில் போடப் போகிறோமோ அந்த அறையிலேயே ஒரு மழைக்காலத்தை அது கழிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மரம் தேடிக் கடலூருக்குப் போனோம். சிதம்பரத்திலிருந்து 45 கிலோமீட்டர். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி முதுநகர். மரவாடிக்குள் நுழைந்தால் உலகப் படமே அடுக்கிக் கிடக்கிறது: கானா தேக்கு, நைஜீரியா தேக்கு, ஈக்வடார் தேக்கு. பர்மா தேக்கு உருட்டுக்கட்டையாக வருவது நின்றுவிட்டது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் அரசு அதன் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளசாக வெட்டிய தேக்கில் வெளிச்சுற்று வெள்ளை அதிகம், உள்ளே முற்றிய வைரம் கொஞ்சம். தேக்கைக் கரையானிடமிருந்து காக்கும் எண்ணெய்ச் சத்து வைரத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக்கும் சேர்த்து அதே கன அடி விலையைக் கொடுத்துவிட்டு, தேக்குத்தானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் உத்திரங்கள் பழைய பர்மா மரம். பர்மாவில் அந்த நாளில் தேக்கை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வளையமாகச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகும். ஏறக்குறைய மூன்று ஆண்டு அப்படியே காயவிட்டுத்தான் கோடாலி வைப்பார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும். ஐராவதி ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு விடுவதற்கு இந்தக் காத்திருப்பு. எங்கள் கூடத்து உத்திரங்கள் இத்தனை காலம் கோணாமல் நிற்பதில் அந்த மூன்று ஆண்டுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

மரவாடியில் ஆசாரி அண்ணன் எதையும் எடுக்கவில்லை. "பலா பாக்கலாமா தம்பி?" என்றார்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் அந்தப் பலகைகள் இருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தச் செம்மண் காட்டில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பேரன் காலம் வரைக்கும் காய்க்கும் என்று வைத்த மரங்கள். விழுந்ததை விறகு விலைக்கு விற்றவர்களே அதிகம். இந்த விவசாயி, தாத்தா நட்ட மரம் அடுப்புக்குப் போகக் கூடாது என்று இரண்டு பெரிய பலாவை மட்டும் அறுத்துச் சாரத்தில் போட்டு வைத்துவிட்டார். விலை பேசும்போது அவர் ஒரு பலகையின் மேல் கையை வைத்தபடியே பேசினார்.

பலா வைரம் தேனின் நிறம்; வெளிச்சத்தில் இருக்க இருக்கப் பழுப்பேறும். கரையான் எளிதில் அண்டாது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எடுக்கும் மரம். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறது. பலாச் சீவலை வேகவைத்து எடுத்த சாயத்தில் பர்மாவிலும் தாய்லாந்திலும் பௌத்தத் துறவிகளின் காவியைத் தோய்த்தார்கள்.

அங்கே 140 பலகை இருந்தது. எங்களுக்குத் தேவை 87, சேதாரத்துக்கு ஒன்பது. தேர்ந்தெடுக்க ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. முகத்தை அவர் பார்க்கவே இல்லை; முனையைத்தான் பார்த்தார். குறுக்குவெட்டில் ஆண்டு வரிகள் பலகைக்குக் குத்தாக நின்றால் ஒரு பக்கம் வைத்தார். கிண்ணம் போல் வளைந்து படுத்திருந்தால் தள்ளினார். "வரி நின்னா பலகை நிக்கும். வரி படுத்தா பலகை நெளியும்." வரியின் திசையில் மரம் சுருங்குவது, வரிக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் வரி படுத்த பலகை ஓரங்களில் நிமிர்ந்துகொள்கிறது. கணு தளர்ந்தது, வெள்ளை ஓடியது, முறுக்கியது என்று 44 கழிந்தது. அவரோடு வேலைக்கு வந்த பையன் ஒருவன் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிக் காட்டினான். சாயங்காலம் அவன் சட்டையெல்லாம் மஞ்சள்.

ஐப்பசி 3 அன்று பலகைகள் எங்கள் மாடி அறைக்கு ஏறின. பலகைக்குப் பலகை நடுவே விரற்கனத்தில் ரீப்பர்த் துண்டுகள். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே கோட்டில், இல்லையென்றால் பலகை நெளிந்தே காயும். சன்னல் திறந்திருக்க வேண்டும், வெயில் மேலே படக் கூடாது. இருபது நாளுக்கு ஒருமுறை வந்து அடியில் இருப்பதை மேலேயும் மேலே இருப்பதை அடியிலும் மாற்றுவார். அடையாளம் போட்ட ஒரு பலகையை மட்டும் தராசுக்குக் கொண்டுபோவார். அத்தனை ஆண்டு கொட்டகையில் காய்ந்த மரம்கூட ஒரு மழைக்கு 40 கிராம் குடித்ததைப் பார்த்தபோதுதான் அக்கா வீட்டில் நடந்தது எனக்கு முழுதாகப் புரிந்தது.

மார்கழியில் ஒரு முறை அவர் வரவில்லை. திருவாதிரைத் திருவிழா, மேல வீதியில் தேர் ஓடியது. விழா முடிந்த பிறகு கோயிலில் அவரைப் பார்த்தேன். சிற்சபைக்கு எதிரே நின்று, கூத்தபெருமானைக் கும்பிட்டு முடித்த பிறகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரச் சட்டத்தின் மேல் வேய்ந்த பொன்கூரை. ஓடுகள் 21,600, ஒரு மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு. ஆணிகள் 72,000, உடம்பின் நாடிகள். சாத்துமரங்கள் 64, கலைகள் என்பது கோயில் மரபு. அவருக்கு அது மனப்பாடம். "ஓடு எண்ணி வெச்சிருக்காங்க, ஆணி எண்ணி வெச்சிருக்காங்க. மரத்த எத்தன மாசம் காய வெச்சான்னு யாரும் எண்ணி வைக்கல தம்பி" என்றார். குரலில் குறை இல்லை. ஆனால் எனக்கு அது உறைத்தது. இந்த ஊருக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்தது தில்லை மரம். பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கிறது. அதன் பால் பட்டால் கண் போய்விடும் என்று தச்சர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள். எதைத் தொடுவது, எதை விடுவது, எவ்வளவு நாள் விட்டு வைப்பது என்பதுதான் இவர்கள் கையில் இருக்கும் படிப்பு. தரை போடுவதற்குக் கூலி சதுர அடிக் கணக்கு. அந்தக் கணக்கில் இந்தப் படிப்புக்குக் காசில்லை.

தை 25, 3 கிலோ 650. மாசி 8, 630. மாசி 15, திரும்பவும் 630. எடை நின்றுவிட்டது.

அடுத்த ஆறு நாளும் முழங்கால் வேலை. அவரும் பையனும் டயர் ட்யூபை வெட்டி உள்ளே தேங்காய் நார் வைத்து முழங்காலில் கட்டிக்கொண்டார்கள். பலகையின் ஒரு பக்கம் நாக்கு, மறு பக்கம் காடி. நாக்கின் மேல் சாய்வாகத் துளை போட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூ முடுக்கினால் அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும். இந்தக் கடற்காற்றில் இரும்பு ஆணி வேண்டாம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பலகைகள் சந்திக்கும் இடமெல்லாம் உத்திரத்தின் மேல். ஐந்து வரிசைக்கு ஒருமுறை பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் சந்தில் செருகி, அந்த முக்கால் மில்லிமீட்டரை விட்டு அடுத்ததைப் போட்டார். நான்கு சுவரோரமும் அரை அங்குலம் வெற்றிடம். அதை மறைக்கும் பட்டியைச் சுவரில்தான் அடித்தார், தரையில் ஒரு ஆணியும் இல்லை. தரை அதன் அடியில் போய் வர வேண்டும். எண்ணெயைப் பலகையின் அடிப்பக்கத்தில் முன்பே தேய்த்தாகிவிட்டது. ஒரு முகம் மட்டும் குடித்தால் பலகை கோணிக்கொள்ளும்.

மெஷின் வைத்து உப்புத்தாள் தேய்த்தபோது அறை முழுக்க மஞ்சள் புகை. பையன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டிருந்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கையும் அதன் உள்ளறைகளையும் அது தாக்குகிறது. துண்டு போதாது. மருந்துக் கடையில் கேட்டு அலைந்து நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்று ஒரு மணி நேரத்தில் கழற்றினான். திரும்பக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவனோடு சண்டையே போட்டேன். வீட்டில் வேலை வைப்பவர்கள் பாலிஷுக்குச் செலவு செய்வதற்கு முன் இதற்குச் செய்ய வேண்டும்.

கணக்கு முடிக்கும் நாளில் அவர் 216 சதுர அடிக்குக் கூலி சொன்னார். பண்ருட்டிப் பகல், அடுக்கிய நாள், புரட்டிய நாள், தராசுக்கு வந்த நாள் எல்லாவற்றையும் நான் டைரியில் குறித்து வைத்திருந்தேன். மொத்தம் 14. அதற்கு நாள் கூலி தனியாக வைத்தேன்.

"அது என்ன வேலை தம்பி? சும்மா வந்து பாத்துட்டுப் போனது."

"அதனாலதாண்ணே தரை நிக்குது."

வெகுநேரம் எண்ணாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பாதியை எடுத்துக்கொண்டு பாதியை மேசையில் வைத்தார். அம்மா அதை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திணித்தாள். அவளிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "தண்ணி ஊத்திக் கழுவிராதீங்கம்மா. துணியப் பிழிஞ்சு தொடைங்க, போதும்."

அடுத்த கார்த்திகையில், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு சைக்கிள் வாசலில் நின்றது. ஈரச் சட்டையோடு மாடிக்கு ஏறக் கூசி, துண்டு ஒன்றை வாங்கித் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து அதே கார்டை எடுத்து, குனிந்து, ஐந்தாவது வரிசைச் சந்தில் வைத்து அழுத்தினார். நுழையவில்லை. பத்தாவதில் பார்த்தார். அங்கும் நுழையவில்லை. எழுந்து, செருப்பில்லாத காலால் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தார். கீழே கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்: "மேல யாரு, ஆசாரியா?"